விமானப் பழுதை எழுதி வைப்பது: ஒரு திருத்துநரின் அனுபவம்

கிளிநொச்சியின் அறிவியல் நகரில் பொறியியலும் தொழிற்பயிற்சியும் படிக்கும் இளைஞர்களில் சிலர், விமானப் பராமரிப்புத் துறைக்குப் போகும் எண்ணத்துடன் அவ்வப்போது என்னிடம் வருகின்றனர். வளைகுடா நாடொன்றில் விமானத் திருத்தப் பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது கிளிநொச்சியில் உழவு இயந்திரங்களையும் அறுவடை இயந்திரங்களையும் திருத்தும் ஒருவரிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் உரிமப் பரீட்சைகளைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும்தான். அவற்றுக்கு நான் சுருக்கமாகவே பதில் சொல்வேன். நீட்டிக் கதைப்பது அவர்கள் கேட்காத ஒன்றைப் பற்றி: விமானத்தில் ஒரு குறையைக் கண்டால் அதை எப்படி எழுதுவது என்பதைப் பற்றி. திருத்தத் தெரிந்தவர்கள் எங்கள் ஹாங்கரில், அதாவது விமானங்களை நிறுத்தித் திருத்தும் கொட்டகையில், நிறையவே இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விமானத்துடனும் ஒரு தொழில்நுட்பப் பதிவேடு பயணம் செய்கிறது. தொழிலில் அதை ரெக் லொக் என்போம். பறப்பு முடிந்ததும் விமானி தாம் கண்ட குறையை அதில் எழுதுவார். அப்படி எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் உரிமம் பெற்ற ஒருவர் பதில் எழுதிக் கையெழுத்திட்ட பின்னர்தான் விமானம் மறுபடி புறப்படலாம். பதில் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, திருத்தப்பட்டது என்பது. மற்றையது, எவை பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும், எம்.ஈ.எல். எனப்படும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் அனுமதிக்கிறபடி பிற்போடப்பட்டது என்பது. பிற்போடுவதற்கும் காலக்கெடு உண்டு: பி வகைக் குறைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள்; ஏ வகைக்குப் பட்டியலே தனியாக ஒரு கெடுவைச் சொல்லும். இருக்கை, விளக்கு, கழிவறை போன்றவற்றுக்குப் பணிப்பெண்கள் எழுதும் கபின் லொக் வேறாக இருக்கிறது.

அந்த வரி அந்தப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் உணர்வதற்கு நாட்கள் செல்கின்றன. நிறுவனத்தின் உள்ளே அதைத் தொகுத்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. குறை பாரதூரமானது என்றால் நாட்டின் சிவில் விமான அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டின் 376ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு 72 மணித்தியாலம் தருகிறது, அமெரிக்க விதிகள் 96 மணித்தியாலம் தருகின்றன. 5,700 கிலோகிராமுக்கு மேற்பட்ட விமானங்களின் பழுதுகள் பற்றிய தகவல், அந்த விமானத்தை வடிவமைத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து பற்றிய சிக்காகோ உடன்படிக்கையின் 8ஆம் இணைப்பில் உள்ள ஏற்பாடு. ஆகவே நள்ளிரவில் ஏதோ ஒரு தரிப்பிடத்தில் கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு எழுதும் வரியை, எங்களை ஒருநாளும் காணப்போகாத ஒருவர் வேறொரு கண்டத்தில் இருந்து வாசிக்கக்கூடும். அவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கப்போவதில்லை. அவரிடம் இருப்பது அந்த வரி மட்டும்தான்.

நான் பணியாற்றிய இடத்தில் ஒரு விமானத்தின் முன்சக்கரப் பகுதியைப் பற்றி நெடுநாள் ஒரு முறைப்பாடு இருந்தது. விமானிகள் ஒவ்வொருவரும் “தரையிறங்கும்போது அதிர்வு” என்று எழுதினார்கள். ஒரு மூத்த விமானி ஒருபடி மேலே போய் “முன்சக்கரம் சமநிலையில் இல்லை, மாற்றவும்” என்று எழுதினார். எழுதியவரின் தரத்தைப் பார்த்துச் சக்கரம் மாற்றப்பட்டது, பதிவும் மூடப்பட்டது. சில நாட்களில் வேறொரு விமானி வேறொரு நகரில் அதே அதிர்வை எழுதினார், மறுபடியும் சக்கரம் மாற்றப்பட்டது. தரிப்பிடத்தில் நிற்கும் விமானத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்தக் குறை தெரியாது. ரயர் நன்றாக இருந்தது, காற்றழுத்தம் சரியாக இருந்தது, கசிவு எங்கும் இல்லை. விடிவதற்குள் விமானத்தை ஒப்படைக்கவேண்டிய இரவுப் பணியாளர் “சோதிக்கப்பட்டது, திருப்தி” என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. அதிர்வு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எங்கே தேடுவார்?

பின்னர் இளம் இரண்டாம் விமானி ஒருவரின் கையெழுத்தில் ஒரு பதிவு வந்தது. சக்கரங்கள் தரையைத் தொட்டபோது அதிர்வு எதுவும் இருக்கவில்லை என்றும், வேகம் ஏறத்தாழ 90 நொட்டுக்கு (நொட்டு என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) குறைந்தபோது சுக்கான் மிதிகளில் அது தொடங்கியது என்றும், 60 நொட்டுக்குக் கீழே தானாக நின்றுவிட்டது என்றும், பிறேக்கைப் பிடித்தபோதும் விட்டபோதும் மாற்றம் இல்லை என்றும், ஓடுபாதை உலர்ந்திருந்தது என்றும், மறுநாள் காலை புறப்பட்டு ஓடும்போதும் அதே வேகத்தில் மெலிதாக உணரப்பட்டது என்றும் அவர் எழுதியிருந்தார். காரணம் இன்னதாக இருக்கலாம் என்று ஒரு சொல்கூட அதில் இருக்கவில்லை. ஆனால் அதை வாசித்த எங்கள் மேற்பார்வையாளரான போர்மன் உடனே பிறேக்கை விட்டுவிடலாம் என்றார். சக்கரங்கள் ஏற்கனவே மாற்றப்பட்டிருந்த நிலையில், குறிப்பிட்ட ஒரு வேக எல்லைக்குள் மட்டும் வந்துபோகும் அதிர்வு என்றால் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கவேண்டும். விமானத்தின் முன்பகுதியை ஜக்கில் உயர்த்தி, சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் ஆட்டி, சக்கரக் காலின் மேல், கீழ்ப் பாகங்களை இணைக்கும் ரோர்க் லிங்க் மூட்டில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று அளந்தோம். மூட்டின் உள்வளையமான புஷ் தேய்ந்து, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. அதை மாற்றிய பின்னர் அந்த முறைப்பாடு வரவில்லை.

இளைஞர்களுக்கு நான் வலியுறுத்துவது அந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான். மூத்த விமானி தமது தீர்ப்பை எழுதினார். தீர்ப்பு பிழைத்தபோது, அதற்கு முன்னால் அவர் உண்மையில் உணர்ந்தது என்ன என்பதும் சேர்ந்து தொலைந்துபோயிற்று, ஏனென்றால் அதை அவர் எழுதவே இல்லை. இரண்டாம் விமானி தமது புலன்கள் தந்ததை எழுதினார். எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எங்கே உணரப்பட்டது, எதைச் செய்தபோது மாறியது, எதைச் செய்தும் மாறவில்லை என்பவற்றை எழுதினார். இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகின்றனர். மாற்றம் இல்லை என்பதும் ஒரு தகவல்தான் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. என்னைக் கேட்டால், திருத்துபவருக்கு அதைவிடப் பயனுள்ள வரி வேறில்லை; தேடவேண்டிய இடங்களில் பாதியை அது கழித்துத் தருகிறது.

எழுதாமல் விட்ட ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018இல் இந்தோனேசியாவில் நடந்ததை நான் உதாரணமாகச் சொல்வதுண்டு. அந்த ஆண்டு ஒக்டோபர் 28 இரவு, லயன் எயார் நிறுவனத்தின் போயிங் 737 மக்ஸ் விமானமொன்று டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. புறப்பட்டது முதல் விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டு எச்சரிக்கையாக உலுக்கிக்கொண்டே இருந்தது. விமானத்தின் மூக்கு தானாகக் கீழ்நோக்கித் திரும்பியது. அதை இயக்கும் மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சமநிலை செய்து விமானிகள் பயணத்தை முடித்தனர். இறங்கிய பின்னர் பதிவேட்டில் வேக, உயர அளவீடுகள் ஒத்துப்போகவில்லை என்பதும் எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தது என்பதும் எழுதப்பட்டன. தண்டு உலுக்கியதும், எந்த ஆளியைத் துண்டித்துத் தப்பினார்கள் என்பதும் எழுதப்படவில்லை. ஜகார்த்தாவில் இருந்த பணியாளர்கள் தங்களுக்குக் கிடைத்த வரிகளுக்கு உரிய வேலையைச் செய்தனர்: காற்றழுத்தம் அளக்கும் குழாய்த் தொகுதியைச் சுத்தம் செய்தனர், ஒரு மின் இணைப்பைத் துடைத்தனர், சோதனை சரி என்று கையெழுத்திட்டனர். மறுநாள் காலை அதே விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் இறந்தனர். அந்த விபத்துக்கு விமானத்தின் வடிவமைப்பு, பிழையாக அளவீடு செய்யப்பட்ட உணரி எனப் பல காரணங்கள் இருந்தன. முழுப் பொறுப்பையும் பதிவேட்டின் மேல் போடுவது நியாயமாகாது. ஆயினும் பதிவில் அந்த விவரங்கள் விடுபட்டதையும் காரணிகளில் ஒன்றாக இந்தோனேசிய விசாரணை அறிக்கை குறிப்பிட்டிருக்கிறது. முந்திய இரவு அந்த விமானத்தைக் காப்பாற்றிய அறிவு, அதை ஓட்டியவர்களின் தலையோடு வீட்டுக்குப் போய்விட்டது.

சத்தத்தை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. 2009 வரை வன்னியில் வளர்ந்த எவருக்கும் விமானச் சத்தத்தைப் பிரித்தறியும் காது இருந்தது. வருவது கிபிர் என்ற குண்டுவீச்சு விமானமா, வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானமா என்று சின்னப் பிள்ளைகளே சொல்லிவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியிருக்கின்றனர். அந்தக் காது எனக்குத் தொழிலிலும் உதவியது என்பதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் காதுக்குத் தெரிவதைக் கடதாசியில் இறக்குவது வேறு பயிற்சி. காலபோக அறுவடை நாட்களில் விசுவமடுவிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் எனக்கு வரும் அழைப்புகள் இன்றும் இப்படித்தான் தொடங்கும்: “அண்ணை, மெசின் ஒரு மாதிரிச் சத்தம் போடுது, ஒருக்கா வந்து பாருங்கோ.” எந்த மாதிரி என்று கேட்டால் பதில் வராது. ஆகவே நான் கேள்வியை மாற்றிக் கேட்பேன். இயந்திரம் சூடாக முன்னரா, சூடான பின்னரா? கிளச்சை மிதித்தால் நிற்கிறதா? சுமை ஏறும்போது கூடுகிறதா, குறைகிறதா? எஞ்சினின் வேகத்தோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா? விமானத்துக்கும் இதே கேள்விகள்தான். சத்தத்துக்குப் பெயர் தேடி நேரத்தைப் போக்கவேண்டாம்; அது எதனோடு சேர்ந்து மாறுகிறது என்பதை எழுதினால் போதும்.

மீண்டும் மீண்டும் வரும் பழுதுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே குறையை ஒருவர் அதிர்வு என்றும், அடுத்தவர் உதறல் என்றும், மூன்றாமவர் ஓட்டம் கரடுமுரடாக இருக்கிறது என்றும் எழுதினால், தொகுத்துப் பார்ப்பவருக்கு அவை மூன்று தனித்தனிக் குறைகளாகத் தெரியும். இதற்காகத்தான் விமானத்தின் பாகங்களை அத்தியாய இலக்கங்களால் பிரித்திருக்கிறார்கள். 32 என்றால் தரையிறங்கு சக்கரத் தொகுதி, 29 என்றால் ஹைட்ரோலிக், 27 என்றால் பறப்புக் கட்டுப்பாடு. சரியான இலக்கத்தைப் போடுவது எழுத்தருக்குரிய வேலை என்று நினைத்து ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். புதிய பதிவை எழுதுமுன் பழைய பக்கங்களைப் புரட்டி, இது முன்னரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, எழுதப்பட்டிருந்தால் அந்தப் பக்க இலக்கத்தைத் தம் வரியிலேயே சேர்த்துவிடுவது நல்லது. கழற்றிய பாகத்துடன் போகும் அட்டையிலும் இதே கவனம் வேண்டும். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதி அனுப்பிய பாகம், பட்டறையில் மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, குறை எதுவும் இல்லை என்ற சீட்டுடன் களஞ்சியத்துக்குத் திரும்பி, வேறொரு விமானத்தில் ஏறிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் மட்டும் நின்றுபோகிறது என்று எழுதியிருந்தால், குளிரூட்டிச் சோதித்திருப்பார்கள்.

பழைய பாகம் எப்படி இருந்ததோ அப்படியே புதியதையும் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் ஆழமாக வேரூன்றியது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிடுங்கிக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுபட்டு, சக பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டதால் அவர் உயிர் தப்பினார். 27 மணித்தியாலத்துக்கு முன்னர் மாற்றப்பட்ட அந்தக் கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 குறைந்த விட்டமுள்ளவை. கண்ணாடியை மாற்றியவர் பாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய போல்ட்டுகளோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொன்று: அவர் கழற்றிய பழைய போல்ட்டுகளே பட்டியலில் உள்ளவை அல்ல, நீளம் குறைந்தவை. அவை பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பிழை எவர் கண்ணிலும் பழுதாகப் படவில்லை. கழற்றும் பொருள் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால், அது எவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் அதுவே அறிக்கை எழுதவேண்டிய விடயம்.

செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே வீழ்ந்த துருக்கி விமானத்தின் சரக்குக் கதவில் செய்யவேண்டியிருந்த மாற்றம், தொழிற்சாலைப் பதிவுகளில் செய்யப்பட்டதாக இருந்தது, கதவில் இருக்கவில்லை. 346 பேர் இறந்தனர். அதே வகை விமானத்தில் அதே கதவு 1972இலேயே கனடாவின் வின்சர் நகருக்கு மேலே திறந்துகொண்டு ஓர் எச்சரிக்கையைத் தந்திருந்தது.

இதுவரை சொன்னது தொழிலில் இருப்பவர்களுக்கு. வன்னியிலிருந்து போய் விமானத்தில் ஏறுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் பயணிகள். அதிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய் தந்தையர். இரவு பஸ்ஸில் ஏ9 வீதியால் கட்டுநாயக்காவுக்குப் போகிறார்கள், அல்லது பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெரியம்மா, மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது தன் இருக்கைப் பட்டியின் பூட்டு விழவில்லை என்று கண்டு, அதைப் பூட்டியதுபோல் மடியில் செருகிச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே அவ்வளவு தூரமும் போயிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “என்ர பிழையோ எண்டு நினைச்சன் தம்பி, அவைக்கு என்னெண்டு இங்கிலீசில சொல்லுறது?” என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இருக்கைப் பட்டி பூட்டாவிட்டால், சாய்மானம் நிமிர்ந்து நிற்காவிட்டால், தலைக்கு மேலுள்ள பெட்டியின் கதவு தானாகத் திறந்தால், எரியும் மணமோ எண்ணெய் மணமோ வந்தால், சிறகில் எதுவோ ஒழுகுவதையோ அடிபட்ட தகட்டையோ கண்டால், அழைப்பு மணியை அழுத்திக் கையால் காட்டவேண்டும். மொழி தேவையில்லை. பூட்டாத பட்டியைத் தூக்கிக் காட்டினால் எந்த நாட்டுப் பணிப்பெண்ணுக்கும் விளங்கும். வேறு இருக்கை தருவது அவரது கடமை, பழுதான இருக்கையைப் பாவிக்காமல் விடுவதற்கு எம்.ஈ.எல். பட்டியலில் வழி இருக்கிறது. வெளியே கண்டது என்றால் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்து கண்டது என்பது முக்கியம், ஆகவே தமது இருக்கை இலக்கத்தைக் காட்டிவிட்டு யன்னலைக் காட்டவேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டுவது இன்னும் நல்லது. அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற எண்ணந்தான் தடை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஹிலோவிலிருந்து புறப்பட்ட அலோஹா எயார்லைன்ஸ் விமானத்தின் மேற்கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்துபோய் ஒரு பணிப்பெண் இறந்தார்; ஏறும்போதே உடற்தகட்டில் நீளமான வெடிப்பு ஒன்றைக் கண்டதாகவும், எவருக்கும் சொல்லவில்லை என்றும் ஒரு பயணி பின்னர் விசாரணையாளர்களிடம் தெரிவித்தார்.

இளைஞர்களின் தயக்கம் வேறு வகையானது. தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பதிவு எழுதவேண்டியிருப்பதால், இலக்கணப் பிழைக்குப் பயந்து வரியைச் சுருக்கிக்கொள்கிறார்கள். பதிவேட்டுக்கு இலக்கணம் வேண்டியதில்லை. பாகத்தின் பெயர், இடம், அளவு, நேரம் ஆகிய நான்கும் கையேட்டில் உள்ள சொற்களிலேயே இருந்தால், வினைச்சொல் பிழைத்திருந்தாலும் ஒருவரும் பொருட்படுத்தமாட்டார்கள். அளவை மட்டும் மதிப்பிட்டு எழுதக்கூடாது. கசிவு என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணவேண்டும், ஏனெனில் எத்தனை துளிவரை அனுமதிக்கலாம் என்று கையேடு சொல்லும்.

மேலே இருப்பவருக்குப் பயப்படுவது இதைவிடக் கடினமான தடை. “இப்ப எழுதாதை, விமானம் போகட்டும், இரவைக்குப் பாப்பம்” என்று சொல்லும் போர்மன்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நானும் அப்படியான ஒருவரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அவருடன் வாதாடுவதில் பயன் இருக்கவில்லை. “சரி ஐயா, பிற்போடுவதாக எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்கள்” என்று பணிவாகப் பேனையை நீட்டியபோது, பெரும்பாலும் அவர் அந்தக் குறையைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். அதற்கும் வழியில்லாத இடங்களுக்காகத்தான் பெயர் வெளியிடாமல் அறிவிக்கும் முறைகள் உண்டாக்கப்பட்டன. அமெரிக்காவில் 1976 முதல், ஒழுங்குபடுத்தும் நிறுவனத்தின் கையில் விடாமல், நாசா அதை நடத்திவருகிறது. ஐரோப்பிய விதியும் நேர்மையாக அறிவித்தவரை அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது; வேண்டுமென்றே செய்ததற்கும் பாரதூரமான கவனயீனத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலைக்குச் சேரும் நிறுவனத்தில் இந்த அறிவித்தல் படிவம் எங்கே இருக்கிறது, அது யாருடைய மேசைக்குப் போகிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்; பிரச்சினை வந்த பிறகு கேட்டால், கேட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அனுப்பிய அறிக்கைக்குப் பதில் வராமல் போவதும் உண்டு. அறிக்கையின் இலக்கத்தையும் திகதியையும் தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்துத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிடம் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். மேலதிகாரியைக் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்; இந்த இலக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டால் போதும். அதே குறை அதற்கிடையில் மீண்டும் வந்திருந்தால், பழைய அறிக்கையை நினைவூட்டுவதோடு நிற்காமல் புதிதாக இன்னொன்றும் எழுதவேண்டும், ஏனென்றால் தொகுத்துப் பார்ப்பவர் எண்ணுவது தனித்தனிப் பதிவுகளைத்தான்.